மீசையரின் வெற்றுக் குமிழி

கனகசிங்கம் இறந்து முப்பத்தோராம் நாள் வெளியிட்ட நினைவு மலரில் அவருடைய வாழ்க்கையை எழுதியவள் நான்தான். ஆரையம்பதியில் பிறந்தார், எட்டாம் வகுப்பு வரை படித்தார், அச்சகத்தில் படம் வெட்டினார், பிறகு கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதினார், எல்லோரோடும் அன்பாகப் பழகினார், இறைவனடி சேர்ந்தார். எல்லா மலர்களிலும் எப்படி எழுதுவார்களோ அப்படியே எழுதிக் கொடுத்தேன். அவருடைய மனைவி அன்னப்பூரணி மாமி வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிரிக்காய் புள்ள" என்றார். எனக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. நான் நல்லா எழுதுவேன் என்பதுதான் இந்தக் கதையில் உள்ள கேடே.

மலரில் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அறுபத்தாறாம் ஆண்டிலிருந்து ஐந்தாறு வருடம், மட்டக்களப்பு நகரத்துச் சிறிய அச்சகம் ஒன்றிலிருந்து 'சின்னத்தோணி' என்று பிள்ளைகளுக்கான மாத இதழ் வந்தது. நடுப்பக்கத்தில் ஒரு படக்கதை. கட்டையன் என்றொரு நண்டு, மீசையர் என்றொரு இறால். இரண்டும் வாவியில் ஒன்றாகத் திரியும். ஒவ்வொரு மாதமும் யாருடைய வலையிலாவது அகப்படும். மீசையர் வாய் ஓயாமல் பேசி வலைக்காரனைக் குழப்புவார், அந்த இடைவெளியில் கட்டையன் தன் பெரிய கொடுக்கால் வலையை அறுப்பான். கடைசிக் கட்டத்தில் இரண்டும் தண்ணீருக்குள் போய்விடும். எல்லா மாதமும் இதே கதைதான், எல்லா மாதமும் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வாசித்தோம். தன்னாமுனையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவது ஒரே ஒரு பிரதி. அதை முதலில் வாசிக்கப் போட்ட சண்டையில் சட்டை கிழிந்து அம்மாவிடம் வாங்கிய அடி இன்றைக்கும் நினைவிருக்கிறது. நான் மீசையர் மாதிரியே பேசித் திரிந்தேன். ஆசிரியரிடம், அப்பாவிடம், கோயில் சுவாமியிடம்கூட. "இந்த வாய் உன்னை ஒரு நாள் கெடுக்கும்" என்றார் சுவாமி. அவர் சொன்னது பலித்தது.

படத்தை வெட்டியவர் கனகசிங்கம். வாவியில் மீன் பிடித்தவரின் மகன். நண்டுக்கு எத்தனை கால் என்று எண்ணிப் பார்த்து வரைந்தவர். லினோ என்ற ரப்பர் மாதிரியான விரிப்புத் துண்டைப் பலகையில் ஒட்டி, அச்சில் நேராக விழுவதற்காகப் படத்தைச் சிறிய உளியால் இடம் வலம் மாற்றி வெட்டுவார். பேச்சுக் குமிழி வருகிற இடத்தில் பலகையில் ஓட்டையே போட்டுவிடுவார். அந்த ஓட்டைக்குள் ஈய எழுத்துகளை அடுக்கியவர் ஆதம்பாவா. காத்தான்குடிக்காரர், அதே அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். கதையை யாரும் முன்கூட்டி எழுதியதில்லை. படம் முதலில் வரும், குமிழி வெறுமையாக இருக்கும். ஆதம்பாவா அதைக் கொஞ்ச நேரம் பார்த்து, தனக்குள் சிரித்துக்கொண்டு, பெட்டியிலிருந்து எழுத்தைப் பொறுக்கி அடுக்குவார். அதுதான் கதை. இவர் ஒரு சொல் சொல்லமாட்டார், அவர் ஒரு கோடு போடமாட்டார்.

ஒரு மாதம் கனகசிங்கம் இடம் வலம் மாற்ற மறந்து வெட்டிவிட்டார். கட்டையனின் பெரிய கொடுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டியது இடப்பக்கம் வந்துவிட்டது. இப்படிப்பட்ட பிழையைக் கண்டுபிடிப்பதற்கென்றே நாங்கள் பிறந்திருந்தோம். ஆதம்பாவா அதைக் கண்டதும் குமிழிக்குள், 'அவசரத்தில கொடுக்க மாத்திப் போட்டு வந்திட்டன்' என்று அடுக்கினார். அந்த இதழைத்தான் நான் இன்றுவரை வைத்திருக்கிறேன்.

பிறகு இதழ் நின்றது, அச்சகமும் மூடியது. கனகசிங்கம் பலகை எழுதப் போனார். ஆதம்பாவா, தங்கை ஸஹீதாவின் கணவர் ஹலீமோடு சேர்ந்து, ஆண்கள் இடுப்பில் உடுத்தும் சாரன் வியாபாரம் தொடங்கினார். ஹலீம் சைக்கிளில் சாரன் கட்டுகளை ஏற்றிக்கொண்டு கரடியனாறு வரைக்கும் போய் விற்பார். நட்பு நிற்கவில்லை. ஊரும் ஊரும் பக்கம் பக்கம். பெருநாளுக்குக் கனகசிங்கம் அங்கே, பொங்கலுக்கு ஆதம்பாவா இங்கே. ஹலீமின் கலியாணப் பந்தலில் பெயர் எழுதியதும் கனகசிங்கம்தான்.

அப்புறம் தொண்ணூறாம் ஆண்டு வந்தது. அது இரண்டு ஊருக்கும் என்ன செய்தது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொல்லப்பட்டவர்களும் காணாமற்போனவர்களும் தமிழர் பக்கமும் முஸ்லிம்கள் பக்கமும் இருந்தார்கள். சாரன் விற்கப் போன ஹலீம் திரும்பி வரவில்லை. அதோடு கனகசிங்கமும் ஆதம்பாவாவும் ஒருவரையொருவர் பார்ப்பதும் நின்றது. பாதை மூடியதால் நின்றது என்று நான் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

இரண்டாயிரத்து இரண்டில் யுத்த நிறுத்தம் வந்தது. அடுத்த வருடத்துக்குள் மட்டக்களப்பில் மூன்று வீட்டுக்கு ஒரு தொண்டு நிறுவனக் கந்தோர் முளைத்தது, எல்லாம் சமாதானத்துக்குத்தான். அப்படி ஒரு கந்தோரில் எனக்கும் ஒரு மேசை, ஒரு கதிரை. கொழும்பிலிருந்து வந்த பணிப்பாளர் ஒருநாள் கூட்டத்தில், வளர்ந்தவர்களுக்குச் சமாதானத்தை எப்படிச் சொல்வது, பிரசங்கம் வைத்தால் எழுந்து போய்விடுகிறார்களே என்று கேட்டார். நான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் விழுந்து, "கட்டையனும் மீசையரும்" என்றேன். சின்ன வயதில் அதை வாசித்தவர்களுக்கு இப்போது நாற்பது, நாற்பத்தைந்து வயது. அவர்களில் கடைக்காரர் உண்டு, பள்ளிக்கூட அதிபர் உண்டு, சண்டைக்குத் துவக்குத் தூக்கியவர்களும் உண்டு. அந்த நண்டையும் இறாலையும் அவர்களோடு சேர்த்து வளர்த்து, வயது போனவர்களாக்கி, திரும்பக் கொண்டுவருவோம். என் வாழ்க்கையில் அத்தனை பேர் என் பேச்சுக்குத் தலையாட்டியது அன்றைக்குத்தான்.

ஆனால் அவர்கள் கேட்ட முதல் கேள்வியே, "நண்டு தமிழா, இறால் முஸ்லிமா?" என்பதுதான். பள்ளிக்கூடத்தில் அந்த இதழுக்காக அடிபட்ட எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. இரண்டாவது கேள்வி, வலையை அறுப்பது வன்முறை ஆகாதா என்பது. எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல வந்தது. கத்தவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவள் கத்துவதில்லை.

கனகசிங்கத்தைத் தேடிப் போனேன். அறுபத்தாறு வயது, ஒல்லியான மனிதர், விரல் இடுக்கெல்லாம் பெயின்ட். விஷயத்தைச் சொன்னதும் தூரிகையைக் கீழே வைத்தார்.

"கட்டையன் இன்னும் உசிரோட இரிக்கானா புள்ள?"

"நீங்க கீறினா இருப்பான் மாமா."

"பாவா எழுதினாத்தான் நான் கீறுவன்" என்றார். "வேற ஆள் எழுதுறெண்டா வேணாம்."

காத்தான்குடிக்குப் போனேன். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் ஆதம்பாவாவை அப்படித்தான் கூப்பிட்டேன். ஆதம்பாவா வீட்டுக்கு முன்னால் சிறிய புடவைக்கடை. உள்ளே அவரோடு தங்கை ஸஹீதாவும் இருந்தார், ஹலீம் போனதிலிருந்து அவர் அண்ணன் வீட்டில்தான். நான் சொன்னதை ஆதம்பாவா அளவுகோலை மேசையில் தட்டிக்கொண்டே கேட்டார்.

"அவன் கீறினா கொண்டு வாங்க. பாப்பம்" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. பதின்மூன்று வருடம் பேசாத இரண்டு பேரை நான் சேர்க்கப் போகிறேன் என்று பஸ்ஸில் வரும்போதே பெருமை தலைக்கேறிவிட்டது.

நாலு தாளில் ஒரு சின்னப் புத்தகம் என்று கந்தோரில் முடிவானது. தாள்களைச் சுமந்தவள் நான். கனகசிங்கம் வரைந்து, குமிழியை வெறுமையாக விட்டு, பழுப்பு உறையில் போட்டுத் தருவார். ஆதம்பாவா எழுதித் தருவார். ஒருவர் மற்றவரைப் பற்றி ஒரு சொல் விசாரிக்கமாட்டார். முதல் தாளில் கட்டையன் தொந்தி வைத்து, தன் பொந்துக்குள் போக முடியாமல் வாசலில் சிக்கிக்கொண்டு நிற்கிறான். மீசையருக்கு மீசை நரைத்திருக்கிறது. ஆதம்பாவா எழுதினார்: 'யுத்தம் நிண்ட நாளிலயிருந்து கூட்டம் கூட்டமெண்டு போய் பிஸ்கட் திண்டா, பொந்து என்ன செய்யும் கட்டையா?' இரண்டாவது தாள் கடன் தவணையைப் பற்றியது. மூன்றாவதில் வலை வந்தது. கந்தோர் சொன்னபடி கட்டையன் வலையை அறுக்காமல், உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கிறான். கனகசிங்கம் முகத்தைச் சுளித்துக்கொண்டு வரைந்தார். ஆதம்பாவா மீசையரின் குமிழியில், 'அப்ப உனக்குக் கொடுக்கு எதுக்கு, நகம் வெட்டவா?' என்று எழுதினார். குத்து தங்களுக்குத்தான் என்று கந்தோரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நல்ல நகைச்சுவை என்று பாராட்டி அனுமதித்தார்கள். நான் கனகசிங்கத்திடம் காட்டியபோது அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"பாவா மாறவேயில்ல" என்றார்.

நான்காவது தாள் கடைசித் தாள். இரண்டு பேரும் சமாதானமாகக் கைகோர்த்து நிற்பதாக இருக்க வேண்டும் என்று கந்தோர் சொல்லியிருந்தது. கனகசிங்கம் பத்து நாள் எடுத்து வேறொன்றை வரைந்து தந்தார். முதல் கட்டத்தில் ஒரு சின்ன இறால் வலையில் தூக்கப்படுகிறது. கட்டையன் பொந்துக்குள், ஒரு கண் மட்டும் வெளியே தெரிய ஒளிந்திருக்கிறான். இரண்டாம் கட்டத்தில் பல வருடம் கழிந்து, கிழட்டுக் கட்டையன் கிழட்டு மீசையரின் வாசலில் தலை குனிந்து நிற்கிறான். மீசையரின் வாயிலிருந்து ஒரு பெரிய குமிழி, வெறுமையாக.

அந்தச் சின்ன இறால் ஹலீம் என்று எனக்கு உடனே விளங்கியது. காப்பாற்ற முடியாமல் ஒளிந்திருந்ததற்கு இந்த மனிதர் மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன். உறையை நீட்டினார்.

"பாவா என்ன எழுதுறானோ அதுதான் புள்ள. அதை மட்டும் எனக்குக் கொண்டு வந்து காட்டு."

ஆதம்பாவா அந்தத் தாளை என் முன்னால் பார்க்கவில்லை. நாலு நாள் கழித்து உறையைத் திருப்பித் தந்து, "இத அவன்ட கையில குடுங்க" என்றார். நான் கந்தோருக்குக் கொண்டுபோய் உறையைப் பிரித்தேன். குமிழி வெறுமையாகவே இருந்தது.

அன்றைக்குத் திங்கட்கிழமை. புதன்கிழமை பணம் தருகிற வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், அச்சகம் தாளுக்காகக் காத்திருக்கிறது, பணிப்பாளர் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் என் மேசைக்கு வருகிறார். ஆரையம்பதி தூரமில்லை, பஸ் ஏறினால் அரை மணித்தியாலம். போயிருக்கலாம். நல்லெண்ணத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பப் பார்க்கமாட்டேன். நேரமில்லை என்பது ஒன்று, எனக்கு வரும் என்ற திமிர் மற்றொன்று. கிழவருக்கு மனம் கலங்கிச் சொல் வரவில்லை, நான் எழுதிவிட்டால் அவருக்கும் உதவிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு வயதிலிருந்து மீசையரின் குரலை வாயில் வைத்திருந்தவளுக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது.

'போனது போகட்டும் கட்டையா. நீ பொந்துக்குள்ளதானே இருந்தாய், நீ என்ன செய்வாய்? உள்ள வா, தேத்தண்ணி குடிப்பம்.'

எல்லாக் குமிழியும் கம்ப்யூட்டர் எழுத்தில்தான் அச்சாகிறது. கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. கீழே, படம் கனகசிங்கம், சொல் ஆதம்பாவா. வந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது அவள் கண்ணைத் துடைத்தாள். கடைசித் தாளை மட்டும் சுவரொட்டியாகவும் அடித்து இரண்டு ஊர்களிலும் ஒட்டுவதென்று அங்கேயே முடிவானது.

புத்தகத்தைக் கனகசிங்கத்திடம் கொண்டுபோனேன். கடைசிப் பக்கத்தை நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்து வாசித்தார். பிறகு அன்னப்பூரணி மாமியைக் கூப்பிட்டு உரக்க வாசித்தார். வாசித்து முடித்ததும், "பாவாதான். பாவாவைத் தவிர ஆரும் இப்பிடி எழுத ஏலா" என்று சொல்லி, துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்தப் பாராட்டு எனக்குள் இனித்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். மாமி தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் முகம் வழித்து, வெள்ளை வேட்டி உடுத்து, ஒரு சட்டி எருமைத் தயிரோடு காத்தான்குடிக்குப் போனார். பதின்மூன்று வருடத்தில் முதல் தடவை. ஆதம்பாவாவின் மனைவி கதவைப் பாதி திறந்து, அவர் வீட்டில் இல்லை என்றார். உள்ளே ஆதம்பாவாவின் இருமல் கேட்டது. கனகசிங்கம் தயிர்ச்சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, "தொழுகை நேரத்துக்குப் போயிட்டன் போல" என்று மாமியிடம் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை ஆதம்பாவா எங்கள் கந்தோருக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. சுவரிலிருந்து பிய்த்த சுவரொட்டியை என் மேசையில் விரித்தார்.

"இத எழுதின ஆரு?"

"நான்தான் காக்கா. நீங்க எழுத மறந்துட்டீங்களெண்டு…"

"மறக்கல்ல" என்றார். குரல் உயரவில்லை. "நான் வெறுங்குமிழி தந்து விட்டது அவனுக்கு. உங்களுக்கில்ல. அச்சகத்தில சின்னப் பிழையெண்டா நான் சொல்லால மூடிருவன். பெரிய பிழையெண்டா மூடமாட்டன். குமிழிய வெறுசா விட்டு ஒரு தாள் அடிச்சு அவன்ட மேசையில வெச்சிருவன். ஒண்டும் பேசமாட்டம். படம் பிழ, மறுகா வெட்டு எண்டு அவனுக்கு விளங்கும். அவன் வெட்டுவான். அதுதான் எங்கட வழக்கம்."

"படத்தில என்ன பிழை காக்கா?"

"அத அவனிட்டக் கேளுங்க." சுவரொட்டியை மடித்தார். "ஸஹீதா இத ரோட்டுச் சுவரில பாத்துட்டா. 'என்ட மாப்புளக்குச் செஞ்சத மன்னிச்சுக் குடுக்க நீங்க ஆரு காக்கா?' எண்டு கேட்டா. நான் எழுதல்ல எண்டு சொன்னன். கீழ என்ட பேர் கிடக்கே, எப்பிடி நம்புவா? நேத்து ஏறாவூருக்கு, மகள்ட ஊட்டுக்குப் போயிட்டா. இனி வரமாட்டாவாம்."

பின்னேரம் ஆரையம்பதிக்குப் போனேன். கனகசிங்கம் ஒரு பலகைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"வெறுசாவா வந்த?" என்றார். திரும்பவும், "வெறுசாவா?" என்றார். பிறகு மெல்ல, "அப்ப அவனுக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும் மாமா?"

"நான் பொந்துக்குள்ள இருக்கல்ல புள்ள."

அன்றைக்கு அவர் கரடியனாற்றுக்குப் போகிற வழியில் ஒரு சந்தியில் ஏணி வைத்துக் கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். துவக்கோடு நின்றவர்கள் ஹலீமைச் சைக்கிளோடு மறித்து, உளவு பார்க்க வந்தவன் என்று சொல்லி அடித்திருக்கிறார்கள். அந்த வருடம் துவக்கோடு நின்றவர்கள் பல பெயரில் நின்றார்கள், எந்தப் பெயர் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"ஹலீம் என்னக் கண்டுட்டான். 'அவரிட்டக் கேளுங்க, நான் சாரன் விக்கிறவன், அவருக்கு என்னத் தெரியும்' எண்டு கத்தினான். ஒருத்தன் ஏணிக்குக் கீழ வந்து, இவனத் தெரியுமா எண்டு என்னக் கேட்டான். ஒருக்காத்தான் கேட்டான். நான் தெரியா எண்டுட்டன்." வெள்ளை அடித்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஹலீமக் கொண்டு போனாங்கள். நான் மிச்ச எழுத்தையும் எழுதி முடிச்சுப் போட்டுத்தான் இறங்கினன். அவடத்த விறகு வித்த பொம்புள ஒருத்தி நிண்டவ. அவதான் பாவாட்டச் சொல்லியிருக்க வேணும்."

பதின்மூன்று வருடமாக ஆதம்பாவா இதைத் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறார். கனகசிங்கத்தின் வாயிலிருந்தே வரட்டும் என்று இருந்திருக்கிறார். வெறுங்குமிழி மூலம் அவர் கேட்டது அதைத்தான்: படம் பிழை, உள்ளபடி வரை. வரைந்திருந்தால் அவர் எழுதியிருப்பாரோ என்னவோ, அது எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகு கேட்டார், நான் அந்தக் கேள்வியின் மேல் என் அழகான எழுத்தை ஒட்டி, ஊரெல்லாம் சுவரில் அடித்துவிட்டேன். நீ பொந்துக்குள்ளதானே இருந்தாய் என்று அந்தப் பொய்க்கு முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

கனகசிங்கம் எட்டு நாளில் திரும்ப வரைந்தார். இந்த முறை பொந்து இல்லை. கட்டையன் வெட்டவெளியில், வலைக்கு ஒரு சாண் தூரத்தில், பெரிய கொடுக்கோடு நிற்கிறான். சின்ன இறால் அவனைப் பார்த்து மீசையை நீட்டுகிறது. கட்டையனின் வாயில் ஒரு சின்னக் குமிழி, ஒரே ஒரு சொல் அடங்கும் அளவில். இரண்டாம் கட்டத்தில் மீசையரின் பெரிய குமிழி. இரண்டும் வெறுமை.

"நீங்களே கொண்டு போங்க மாமா" என்றேன்.

"எனக்கு முகமில்ல. எங்கட வழக்கம் தாள் போறதுதான். நீ பிரிக்காமக் கொண்டு போய்க் குடு."

ஆதம்பாவா கடை வாசலிலேயே உறையைப் பிரித்துப் பார்த்தார். வெயிலில் நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப படம் சரி" என்றார்.

"எழுதித் தாறீங்களா காக்கா?"

"எப்பிடி எழுதுற? அவன் சொன்ன சொல்ல எழுதுறதும் அதுக்கு மறுமொழி சொல்றதும் ஸஹீதாட உரிம. அவள்ட்டக் கேட்டுத்தான் எழுதணும். ரெண்டு தரம் ஏறாவூருக்குப் போனன், அவள் எனக்குக் கதவத் திறக்கல்ல." தாளைத் திருப்பித் தராமல் உள்ளே கொண்டுபோனார்.

நான் ஓடாத குறையாக ஆரையம்பதிக்கு வந்து சொன்னேன். படம் சரியென்று சொன்னார், தாளை வைத்துக்கொண்டார் என்றேன். கனகசிங்கம் என் முகத்தைப் பார்த்தார்.

"பாவா சொன்னதா, நீயாச் சொல்றியா?"

"அவர்தான் சொன்னவர் மாமா. சத்தியமா."

"ம்" என்றார். நம்பவில்லை. அதற்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த எதையும் அவர் நம்பவில்லை, நம்பச் சொல்லிக் கேட்க எனக்கு முகமும் இல்லை. போகும் போதெல்லாம், "தாள் வந்ததா?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்பேன். பலகை எழுதுவதை நிறுத்திவிட்டார். மாசி மாதம் ஒரு காலை, முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். நெஞ்சுவலி என்றார்கள்.

கந்தோரில் அதற்குள் இரண்டாம் பதிப்புக்குப் பணம் வந்திருந்தது. வாசகர்களிடம் கேட்டதில் எல்லோருக்கும் மிகவும் பிடித்தது கடைசிக் குமிழிதானாம். நான் வேலையை விட்டேன். அதை ஒரு தியாகமாகச் சொல்லவில்லை, அந்தச் சுவரொட்டி என் மேசைக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் முடிந்து, நினைவு மலரின் ஒரு பிரதியோடு ஆதம்பாவாவிடம் போனேன். அவருக்குச் செய்தி முன்பே தெரிந்திருந்தது. மலரை வாங்கி, நான் எழுதிய வாழ்க்கையை ஒரு வரி விடாமல் வாசித்தார். எல்லோரோடும் அன்பாகப் பழகினார் என்ற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. மூடி வைத்துவிட்டு உள்ளே போய் அந்தத் தாளை எடுத்து வந்தார். ஓரம் மட்டும் மஞ்சளாகியிருந்தது. இரண்டு குமிழியும் வெறுமையாகவே இருந்தன.

"ஸஹீதா இன்னும் பேசல்ல" என்றார். "எழுதினாலும் வாசிக்க இனி அவனில்ல."

தாளை என் கையில் வைத்தார்.

"இந்தாங்க. நீங்கதான் நல்லா எழுதுவீங்களே."

கடைக்குள் யாரோ துணி கேட்டு வந்தார்கள். அவர் அளவுகோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தாள் என் அலுமாரியில் இருக்கிறது. நான் இன்னும் ஒரு எழுத்தும் எழுதவில்லை.